திறக்க முடியாமல் போன டெண்டர்

ரகு,

இதைத் தமிழில் எழுதுகிறேன். எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய், உனக்கு நேரமாகும், தெரியும். மெதுவாகவே படி. சர்வீஸ் முழுக்கக் கன்னடத்திலும் இங்கிலீஷிலும் எழுதித் தள்ளியவள் நான். என் வாழ்க்கையில் நான் எழுதிய பெரிய பொய்யும் அந்த எழுத்தில்தான் ஒரு ஃபைலில் இருக்கிறது. உன்னிடம் சொல்ல வேண்டியதையாவது நம் வீட்டில் பேசுகிற பாஷையில் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்தேன். போனில் சொல்லலாமே என்று கேட்பாய். போனில் நீ பாதியில் "சரி விடும்மா" என்பாய். நானும் அதுதான் சாக்கு என்று விட்டுவிடுவேன். இத்தனை வருஷமாக அப்படித்தானே விட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ சாமராஜநகரிலிருந்து பேசினாயே, அதில் ஆரம்பிக்கிறேன். நகராட்சி வேலையில் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது, ரூம் கிடைத்துவிட்டது, மெஸ்ஸில் சாம்பார் தித்திக்கிறது என்றெல்லாம் சொன்னாய். அப்புறம், "அம்மா, எனக்கும் டோக்கன் குடுத்துட்டாங்க, உன்கிட்ட இருந்ததே அதே மாதிரி" என்றாய். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பத்திரமாக வைத்திருக்கிறாயா என்று கேட்டேன். "அதெல்லாம் ஆபரேட்டர்கிட்டதான் இருக்கும்மா. எல்லார் டோக்கனும் அவரோட டிராயர்லதான். பின் நம்பரும் அவருக்குத் தெரியும். இங்க அப்படித்தான் பழக்கம்" என்று சிரித்தாய். நான் பேச்சை வெட்டிவிட்டுப் போனை வைத்தேன். அம்மாவுக்கு வழக்கம்போல மூக்குக்கு மேல் கோபம் என்று நினைத்திருப்பாய். கோபம் இல்லை ரகு. எனக்குப் பயம் வந்துவிட்டது. 

அந்த டோக்கன் என்னவென்று உனக்கு யாரும் ஒழுங்காகச் சொல்லியிருக்க மாட்டார்கள். பென்டிரைவ் மாதிரி இருக்கிறது, கம்ப்யூட்டரில் செருகினால் கையெழுத்து விழும் என்பதோடு முடித்திருப்பார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் டெண்டர் என்றால் அரக்கு வைத்த கவர், மரப்பெட்டி, பெட்டிக்குக் காவலாக ஒரு பியூன். கடைசி நாளன்று வாசலில் நாலு தடியர்கள் நிற்பார்கள், வேறு யாரும் கவர் போடாமல் பார்த்துக்கொள்வதற்கு. ஒருமுறை கவர் போட வந்த ஒரு பெரியவரின் சட்டையைக் கிழித்தே அனுப்பினார்கள். அதனால் எல்லாம் கம்ப்யூட்டர் வழியாக என்று வந்தபோது முதலில் கற்றுக்கொண்டவள் நான்தான். யார் எவ்வளவு கேட்டிருக்கிறார்கள் என்பது திறக்கிற நேரம் வரை ஒருவருக்கும் தெரியாது. திறப்பதற்கு இரண்டு அதிகாரிகளின் டோக்கன் வேண்டும். எங்கள் ஆபீஸில் ஒன்று என்னுடையது, இன்னொன்று கணக்கு அதிகாரியுடையது. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் அந்த டெண்டர் திறக்காது. மந்திரியே வந்து நின்றாலும் திறக்காது. அந்தப் பெருமையில் நான் வீட்டில் அலட்டிக்கொண்டது உனக்கே ஞாபகம் இருக்கும்.

அப்பேர்ப்பட்ட சாவியை நாங்கள் என்ன செய்தோம் என்று கேள். ஒரு ஸ்வீட் கடை டப்பாவில் போட்டு ஆபரேட்டர் ரேகாவின் மேஜையில் வைத்தோம். ஒவ்வொரு டோக்கனிலும் ஒரு துண்டு பிளாஸ்திரி, அதில் பின் நம்பர். என்னுடையது உன் பிறந்த தேதி. நான் சைட்டில் இருப்பேன், கணக்கு அதிகாரி மீட்டிங்கில் இருப்பார், ரேகா இரண்டையும் செருகித் திறந்து, பிரிண்ட் எடுத்து வைத்திருப்பாள். மறுநாள் நாங்கள் பேனாவால் கையெழுத்துப் போடுவோம். தப்பு என்று யாருக்கும் தோன்றவில்லை. ரேகா ஏஜென்சி மூலம் வந்த ஒப்பந்தப் பெண். நல்ல பெண், கெட்டிக்காரி, கொஞ்சம் வாய்.

மைசூர் மாநகராட்சியில் எங்கள் பிரிவு பாதாளச் சாக்கடை. அடைப்பு எடுக்கிற ஜெட்டிங் மெஷின் எங்களிடம் ஒன்றுதான் இருந்தது. லாரி மேல் உட்கார்ந்திருக்குமே, தண்ணீரைப் பீய்ச்சி அடைப்பை உடைத்து உறிஞ்சி எடுக்கும், அதுதான். பழசு. மாதத்தில் பாதி நாள் ஒர்க்ஷாப்பில் கிடக்கும். அது கிடக்கிற நாளில் மேன்ஹோலில் ஆள் இறங்குவான். இறக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது, சுற்றறிக்கை இருக்கிறது, சுவரில் போர்டுகூட இருந்தது. ஆனாலும் இறங்குவான். இரண்டு புது மெஷினுக்கு டெண்டர் போட்டேன். முதல் தடவை யாரும் வரவில்லை, இரண்டாம் தடவை ஒருவர் மட்டும் வந்ததால் தள்ளிவிட்டார்கள், மூன்றாம் தடவைதான் உருப்படியாக நாலு பேர் வந்தார்கள்.

அடைப்பு எடுக்கிற ஒப்பந்தக்காரரிடம் மாதையன் என்று ஒருவர் வேலை பார்த்தார். ஹனூர் பக்கத்து ஆள், கொள்ளேகாலில் பெண் எடுத்து, மைசூருக்குப் பிழைக்க வந்தவர். நான் தமிழ் என்று தெரிந்ததிலிருந்து என்னைக் கண்டால் அவருக்கு ஒரு தைரியம். செக்‌ஷன் ஆபீஸ் வாசல்வரை வருவார், உள்ளே வர மாட்டார். வா என்று நானும் ஒருநாள்கூடக் கூப்பிட்டதில்லை, அதையும் எழுதிவிடுகிறேன். வாசலிலேயே நின்று, "ஏனுங்கம்மா, புது மிசினு எப்ப வருமுங்க?" என்று கேட்பார். வாரத்துக்கு ஒரு தடவையாவது கேட்பார். "டெண்டர் போட்டாச்சு மாதையா, வந்துரும்" என்பேன். "வந்துட்டா நாங்க மேலயே நின்னுக்குவமுங்க" என்று சிரித்துவிட்டுப் போவார்.

டெண்டர் திறக்க வேண்டிய வாரம் திங்கட்கிழமை, கணக்கு அதிகாரி முன்னால் ரேகா ஒரு வார்த்தை சொன்னாள். நான் எங்கே இருக்கிறேன் என்று அவர் கேட்டதற்கு, "மேடம் எங்க இருந்தா என்ன சார், மேடம் சாவி என்கிட்ட இருக்கு, இங்க நான்தானே மேடம்" என்று கன்னடத்தில் சொல்லிச் சிரித்தாள். நான் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். சின்னக் கிண்டல், அவ்வளவுதான். அவள் சொன்னதில் பொய்யும் இல்லை. ஆனால் எனக்கு உச்சந்தலையில் ஏறிவிட்டது. அவள் சாப்பிடப் போன நேரத்தில் டப்பாவிலிருந்து என் டோக்கனை எடுத்தேன், என் சீட்டில் உட்கார்ந்து பின் நம்பரை மாற்றினேன், பழைய பிளாஸ்திரியைக்கூடக் கிழிக்காமல் டப்பாவிலேயே திரும்ப வைத்தேன். புதன்கிழமை திறக்கப் போகும்போது திறக்காது, என்னைத்தான் கூப்பிட்டுக் கேட்க வேண்டும், அப்போது பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். புதன், வியாழன் இரண்டு நாளுக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அந்த லீவு உனக்குத்தான். இன்ஜினியரிங் சீட் கிடைத்ததற்கு மாதேஸ்வரன் மலையில் உனக்கு முடி இறக்குவதாக அப்பா வேண்டியிருந்தார். மொட்டையோடு காலேஜ் போக மாட்டேன் என்று நீ ஒரு வாரம் சண்டை போட்டாய். கொள்ளேகாலில் பஸ் மாறினோம். அப்பா முன் சீட்டில் தூங்கிவிட்டார், நீயும் நானும் பின்னால். என் போன் அடித்தது. ரேகா. எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. "அம்மா, போன் அடிக்குது பாரு" என்றாய். "அடிக்கட்டும்" என்றேன். மணி மூன்றேமுக்கால். நாலு மணிக்குத் திறக்க வேண்டும். எதற்காக அடிக்கிறாள் என்று எனக்கு நன்றாகத் தெரியும் ரகு. தெரிந்துதான் போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டேன். தவிக்கட்டும், சாவி யாருடையது என்று இன்றைக்காவது தெரியட்டும். அது ஏழு தடவை அடித்தது. நீ என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். பஸ் மலை ஏற ஆரம்பித்ததும் சிக்னலும் போயிற்று.

அங்கே ஆபீஸில் நாலு கம்பெனிக்காரர்களும் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள், கணக்கு அதிகாரி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ரேகா உன் பிறந்த தேதியைப் போட்டிருக்கிறாள். தப்பு என்று வந்திருக்கிறது. கை தவறிவிட்டது என்று மறுபடி போட்டிருக்கிறாள். அப்புறம் மாற்றிப் போட்டிருக்கிறாள், வருஷத்தை முன்னால், தேதியைப் பின்னால், அப்படி இப்படி. பத்துத் தடவை தப்பாகப் போட்டால் டோக்கன் பூட்டிக்கொள்ளும். அது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும், ஆனால் எதிரே ஐந்து பேர் உட்கார்ந்து முறைத்தால் யார் எண்ணிக்கொண்டிருப்பார்கள். பூட்டிக்கொண்டது. பூட்டினால் உள்ளே இருப்பதை அழித்துவிட்டுத்தான் புதிதாகச் செய்ய வேண்டும். புதிய சாவி வரும், பழைய சாவியால் மூடியது அதற்குத் திறக்காது. மாற்று அதிகாரி ஒருவரின் சாவியையும் டெண்டர் போடும்போதே சேர்த்துவைக்கக் கம்ப்யூட்டரில் ஓர் இடம் உண்டு. நாங்கள் அந்த இடத்தை எந்த டெண்டரிலும் நிரப்பியதில்லை. உன் ஆபீஸில் நிரப்புகிறார்களா என்று நாளைக்கே பார்.

வெள்ளிக்கிழமை நான் போனபோது ரேகா மாடிப்படியிலேயே நின்றிருந்தாள். கண் வீங்கியிருந்தது. "மேடம், பின் மாத்துனீங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள். நான் "இல்லையே" என்றேன்.  என் முகத்தைப் பார்த்தாள், அவளுக்குப் புரிந்துவிட்டது. அன்று பிற்பகல் ஃபைலில் நோட் எழுதினேன்: தொழில்நுட்பக் காரணங்களால் ஒப்பந்தப்புள்ளிகளைத் திறக்க இயலவில்லை, டெண்டரை ரத்துசெய்து மறுடெண்டர் கோரலாம். நல்ல நோட். மேலே ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. இருந்தாலும் யாராவது ஒருவர் தலையில் விடிய வேண்டுமே, அடுத்த மாதம் ஏஜென்சி ரேகாவை மாற்றி வேறொரு பெண்ணை அனுப்பியது. அவள் போகிற அன்று நான் சைட்டுக்குப் போய்விட்டேன். வேண்டுமென்றேதான் போனேன்.

மறுடெண்டர் என்றால் ஏதோ இன்னொரு தரம் பட்டனை அழுத்துவது என்று நினைக்காதே. ஒப்புதல், விளம்பரம், அவகாசம், அதற்குள் தேர்தல் வந்து, நடத்தை விதி என்று எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்கள். மாதையன் வாசலில் வந்து கேட்டார். "டெண்டர்ல ஒரு சிக்கல் மாதையா, கம்ப்யூட்டர்ல மாட்டிக்கிச்சு" என்றேன்.  "அதென்னுங்கம்மா, கம்ப்யூட்டருக்குள்ள போனது வெளிய வராதுங்களா?" என்று கேட்டார். கிண்டலாக இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்லி அவர்களையும் சிரிக்கவைத்தேன்.

மழை பிடித்துக்கொண்ட வாரம் ஒரு லேஅவுட்டில் சாக்கடை பொங்கி வீடுகளுக்குள் வந்துவிட்டது. காலையிலிருந்து புகார் மேல் புகார். பழைய மெஷின் ஒர்க்ஷாப்பில் இருந்தது. ஒப்பந்தக்காரர் என்னிடம் என்ன செய்யட்டும் என்று கேட்டார். நான் "ஹேகாதரூ மாடி" என்றேன், எப்படியாவது செய்யுங்கள் என்று. இறக்குங்கள் என்று நான் சொல்லவில்லை. யாருமே அப்படிச் சொல்வதில்லை. எப்படியாவது என்றால் என்னவென்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பதினொன்றரை மணிக்கு மாதையன் இறங்கினார். மேலிருந்து கூப்பிட்டதற்கு அவர் பதில் சொல்லவில்லை. விஷவாயு. நான் போய்ச் சேர்ந்தபோது வெளியே எடுத்துப் படுக்கவைத்திருந்தார்கள், யாரோ முகத்தை மட்டும் கழுவிவிட்டிருந்தார்கள். பக்கத்து வீட்டு அம்மாள் ஒருத்தி மாடியிலிருந்து, அடைப்பு போய்விட்டதா என்று கேட்டாள். புது மெஷின் இரண்டும் அதற்கு ஏழு வாரம் கழித்து வந்தன. மாலை போட்டு, தேங்காய் உடைத்து, போட்டோ எடுத்துக்கொண்டோம். அந்தப் போட்டோவில் நானும் நிற்கிறேன்.

நான் நடைபாதையில் நடக்காமல் ரோட்டில் நடக்கிறேன் என்று நீ எத்தனை தடவை கத்தியிருக்கிறாய். மூடியைத் தாண்ட முடியவில்லை ரகு. இரும்பு மூடி மேல் ஒரு பைக் ஏறி டடக்கென்று சத்தம் கேட்டால் நின்றுவிடுகிறேன். சமையலறைத் தொட்டியில் தண்ணீர் இறங்கி முடிக்கும்போது கடைசியில் ஒரு சத்தம் வருமே, அதைக் கேட்கப் பிடிக்காமல் குழாயைத் திறந்துவிட்டபடியே நிற்பேன், அப்பா இருந்தவரை தண்ணீர் வீணாகிறது என்று திட்டுவார். வாசலில் யாராவது உள்ளே வராமல் நின்றால், கூரியர் பையனோ கேஸ்காரரோ யாரானாலும், எனக்கு முதலில் காதில் விழுவது மாதையன் குரல்தான். எப்ப வருமுங்க. கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லாத மாதிரி அவர் அங்கேயே நிற்கிறார். அப்பாவிடம் சொல்லிவிடலாம் என்று பல தடவை வாயெடுத்தேன். கடைசிவரை சொல்லாமலே அவரை அனுப்பிவிட்டேன்.

இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், மாதையன் மனைவி ராசம்மா போட்ட வழக்கு இன்னும் நடக்கிறது. போன மாதம் எனக்குச் சாட்சி சம்மன் வந்தது. ஆபீஸ் தரப்பில் என்ன சொல்லியிருக்கிறார்கள் தெரியுமா? மெஷின் வாங்க எல்லா முயற்சியும் எடுத்தோம், கம்ப்யூட்டர் கோளாறினால் தாமதமானது, அதற்கு யாரும் பொறுப்பில்லை, அந்த ஆள் யாரும் சொல்லாமல் தானாகவே இறங்கினான். கம்ப்யூட்டர் கோளாறுக்கு ஆதாரம் என் நோட். ஆபீஸ் வக்கீல் வீட்டுக்கே வந்து காபி குடித்துவிட்டு, "மேடம், நோட்டுல என்ன இருக்கோ அதை மட்டும் சொல்லுங்க, அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சுடும்" என்றார். சரி என்றுதான் தலையாட்டினேன். உன் ஞாயிற்றுக்கிழமை போன் வரும்வரை அப்படிச் சொல்வதாகத்தான் இருந்தேன். நீ சிரித்த அந்தச் சிரிப்பு, ரேகாவின் டப்பாவைச் சுற்றி நாங்கள் சிரித்த சிரிப்பு. உன் ஆபீஸிலும் யாரோ ஒருவர் வாசலில் நின்று எதற்கோ காத்திருப்பார், நீ பார்த்திருக்க மாட்டாய்.

நேற்று ராசம்மாவைத் தேடிப் போனேன். ரிங் ரோட்டுக்கு அந்தப் பக்கம், ஷீட் போட்ட ஒற்றை அறை. ஒரு ஹாஸ்டலில் பாத்திரம் கழுவுகிறாள். என்னை அடையாளம் தெரிந்தது, உள்ளே வாங்க என்று கூப்பிட்டு ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். உட்கார எனக்குக் கூசியது. எல்லாவற்றையும் சொன்னேன். டோக்கன், பின் நம்பர், ரேகா, பஸ், போன், எப்படியாவது என்று நான் சொன்னது, ஒன்று விடவில்லை. சொல்லும்போது அழுதேன். அவள் அழவில்லை. திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் தேவலை என்றும் இருந்தது. கேட்டு முடித்துவிட்டு, "எங்கிட்டச் சொல்லி என்னங்கம்மா ஆவுது. கோர்ட்டுல சொல்லுங்க" என்றாள். அவ்வளவுதான். ஹாஸ்டலுக்கு நேரமாகிறது என்று எழுந்துவிட்டாள்.

வரும் வியாழக்கிழமை பதினொரு மணிக்குச் சொல்லப் போகிறேன். நோட் பொய் என்று சொல்வேன், ரேகா மேல் தப்பில்லை என்று அவள் பெயரைச் சொல்லிச் சொல்வேன். பென்ஷனில் கை வைப்பார்கள், வைக்கட்டும். உன்னை நினைத்தால்தான் கவலையாக இருக்கிறது. உன் ஆபீஸில் அன்று சாயங்காலமே தெரிந்துவிடும், அந்த அம்மாவின் பையன் இவன்தான் என்று முதுகுக்குப் பின்னால் பேசுவார்கள். புதுசாக வேலைக்குப் போன பிள்ளைக்கு அம்மா இப்படியா செய்வாள் என்று உனக்குக் கோபம் வரலாம். வந்தால் நியாயம்தான், அடக்கிக்கொள்ளாதே, எனக்குப் போன் செய்து கத்து. ஆனால் அதற்கு முன்னால் அந்த டிராயரைத் திறந்து உன் டோக்கனை எடுத்துக்கொள். அந்த ஆபரேட்டரிடம் முகம் கோணாமல் எடுத்துக்கொள், அவர் பாவம், நீங்கள் கொடுத்ததைத்தான் வைத்திருக்கிறார்.

வியாழக்கிழமை நீ லீவு போட்டு வர வேண்டும் என்று கேட்க மாட்டேன். வந்தால் என் பக்கத்தில் வந்து உட்காராதே. என்னோடு ஆபீஸ்காரர்கள் நாலைந்து பேர் இருப்பார்கள், முதலில் இருப்பார்கள், நான் சொல்ல ஆரம்பித்ததும் எழுந்து போவார்கள், அதை நான் பார்த்துக்கொள்வேன். இத்தனை வருஷமாக ஒவ்வொரு வாய்தாவுக்கும் ராசம்மா தனியாகத்தான் வந்து போகிறாளாம். நீ போய் அவள் பக்கத்தில் உட்கார்.

அம்மா